கோபுரத்துக்குப் போன தண்ணீர்

ஆயுத பூஜையன்று மட்டும்தான் கடலூரில் அந்த ஆலைக்குள் குடும்பத்தாரை விடுவார்கள். செந்தமிழ்செல்வனின் மனைவி இலக்கியா பொரியும் சுண்டலும் வாங்கக் கேன்டீன் பக்கம் போய்விட்டாள். வடலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அவள் அப்பா கலியமூர்த்தி மட்டும் மாப்பிள்ளையை விட்டு நகரவில்லை. அவர் சாமி கும்பிட வரவில்லை என்பது செந்தமிழ்செல்வனுக்குத் தெரிந்துவிட்டது.

பூஜை நாளென்றாலும் சூளையை அணைக்க முடியாது. அதிலிருந்து வரும் புகையை அப்படியே விட்டால் தூசு பிடிக்கிற துணிப் பைகள் பொசுங்கிப்போகும். அதனால் நடுவில் ஓர் உயரமான இரும்புக் கோபுரம். உள்ளே பனிமாதிரி தண்ணீரைத் தெளித்துப் புகையின் சூட்டைத் தணிப்பார்கள். அதைப் பார்த்துக்கொள்வதுதான் செந்தமிழ்செல்வனின் வேலை. ஆலையின் போர்வெல் தண்ணீர் உப்பு. தெளிக்கிற துளைகள் ஓயாமல் அடைத்தன, மேலதிகாரி ஓயாமல் திட்டினார். இவனுக்கு வாய் சும்மா இருந்ததா? என் மாமனார் கிணற்றுத் தண்ணீர் கல்கண்டு சார் என்று சொல்லிவைத்தான். பெண்ணைக் கொடுத்த இடத்தில் மாட்டேன் என்று சொல்லக் கலியமூர்த்திக்கு நா எழவில்லை. மாப்பிள்ளைக்கு நல்ல பேர் கிடைக்கட்டும் என்று, தண்ணீர் எடுக்க வந்த ஆலை லாரிக்கு வரப்பை வெட்டி வழிவிட்டார்.

வைகாசியில் கிணறு சேறு காட்டியது. லாரிகள் அடுத்த ஊர்க் கிணற்றுக்கு மாறிக்கொண்டன. கலியமூர்த்தியின் கரும்பு நின்ற இடத்திலேயே காய்ந்தது. மழையும் ஏமாற்ற, இப்போது ஒரு மூலையில் மட்டும் பச்சை மிச்சமிருந்தது. அவர் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டாவது செந்தமிழ்செல்வன் மனசை ஆற்றிக்கொண்டிருப்பான்.

கலியமூர்த்தி தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, பொகய ஆறவச்ச தண்ணி அந்தாண்ட வெளிய வருமில்ல? அழுக்கா இருந்தாலும் பரவால்ல. நம்ம பக்கம் காலியா வர்ற லாரில ஒரு நடை ஏத்தி உட்டீங்கன்னா மிச்சக் கரும்பு பொழச்சிக்கும்."

இதைக் கேட்கத்தான் வேட்டியைச் சலவைக்குப் போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். செந்தமிழ்செல்வனுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது. கோபுரத்தின் அடிக்கு அழைத்துப் போனான். அங்கே காலையில் கொட்டிய தூசு ஒரு தொட்டி நிறைய ஆறிக்கிடந்தது.

"அவ்ளோவும் ஆவியாப் போயிடும் மாமா. ஒரு சொட்டு கீழ வுழுந்தாக்கூட எங்க வேல சரியில்லன்னு அர்த்தம்."

கலியமூர்த்தி அண்ணாந்து பார்த்தார். புகைபோக்கியின் வாயில் புகையே இல்லை, வெறும் வானம்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். முழங்கை மறையத் தூசுக்குள் கையை விட்டு ஈரம் தேடித் துழாவினார். வெளியே எடுத்தபோது அது விரலில் ஒட்டக்கூட இல்லாமல் பொலபொலவென்று உதிர்ந்தது.

அவர் இன்னொரு கையையும் உள்ளே விட்டார்.