பச்சைத் துணித் தட்டு

அந்தப் பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில் ராணுவ அதிகாரிகள் விருந்துண்பார்கள். மேல்தளத்தில் முன்னாள் தளபதிகளின் வாள்கள் கண்ணாடிக்குள் ஓய்வெடுக்கும். அதிகாரிகள் மன்றத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஓர் இரும்பு அலமாரி. சாப்பிட வருகிறவர்கள் தங்கள் கைத்துப்பாக்கிகளைப் பச்சைத் துணி விரித்த தட்டுகளில் வைத்து அதில் ஒப்படைப்பது வழக்கம். பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பதற்கென்று குழலை அடைத்து வைத்திருந்த கைத்துப்பாக்கியும் அதற்குள்தான், அதே போன்ற பச்சைத் துணித் தட்டில் குடியிருந்தது.

அன்று மாணவிகளை அழைத்து வந்திருந்த டீச்சர், அருங்காட்சியகக் காவலரின் மனைவி.

"வீட்டுல குடிச்ச டம்ளரை எடுத்து வைக்க மாட்டாரு. இங்க பாருங்க, வாளெல்லாம் எப்படிப் பளபளன்னு இருக்கு!" என்று அவள் போட்டுக்கொடுக்க, பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

காவலரும் அசடு வழியச் சிரித்துவிட்டுத் தட்டை நீட்டினார். "இது செத்த துப்பாக்கி. பயப்படாமப் பிடிச்சுப் பாருங்க."

ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி முந்திக்கொண்டாள்.

அப்போது மன்றத்தில் பரிமாறுகிறவர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, காவலரின் காதருகே குனிந்தார். "அண்ணே, கீழ மேஜர் குதிக்கிறாரு. நான் எடுத்துக் குடுத்தது அவரோடது இல்லையாம், குழல் அடைச்சிருக்காம். அவரோடதுல தோட்டா இருக்கு. அவசரத்துல எடுக்காமயே குடுத்துட்டாராம்."

தட்டு மாறியிருக்கிறது. மாற்றி எடுத்து வந்தது காவலர்தான்.

"டீச்சரைச் சுடுடி! நாளைக்கு வீட்டுப்பாடம் கிடையாது!" என்று தோழிகள் கூவினார்கள். சடைக்காரி இரு கைகளாலும் குறிபார்த்தாள். விரல் விசையின் மேல் இருந்தது. எதிரே அவர் மனைவி கைகளைத் தூக்கி, "ஐயோ தாயே, விட்டுடு!" என்று நடித்துக்கொண்டிருந்தாள்.

அதட்டினால் குழந்தை திடுக்கிடும். திடுக்கிட்டால் விரல் மடங்கும். பாய்ந்து பிடுங்கினாலும் அதே கதிதான். காவலர் சுவரருகே நகர்ந்தார். 'தொடாதீர்கள்' என்ற பலகைக்கு மேலே தொங்கிய நீளத் துப்பாக்கியைக் கழற்றினார்.

"பாப்பா, அந்தச் சுண்டைக்காய் எதுக்கு? இந்தா, பெரிசு. இதை யாருக்கும் குடுக்கிறதே இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். ஆனா ரெண்டு கையும் வேணும். விரலை எடுத்துட்டு, அதை மெதுவாத் தட்டுல வை."

சிறுமி டீச்சரைப் பார்த்தாள், பெரியதைப் பார்த்தாள். விரல் இன்னும் விலகவில்லை. காவலர் பெரியதை இன்னும் கொஞ்சம் முன்னே நீட்டினார்.

பிறகு தட்டில் இரும்பு வைக்கப்படும் ஓசை கேட்டது.

பெரியதை அவளிடம் கொடுத்துவிட்டு, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கைத்துப்பாக்கியைத் திறந்தார். உள்ளங்கையில் தோட்டாக்கள் உதிர்ந்தன.

"என்னங்க, உங்க பலகையை நீங்களே..." என்று கேலியோடு நெருங்கிய மனைவி, அந்தக் கையைக் கண்டதும் சட்டென்று பிள்ளைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"டீச்சர், கையைத் தூக்குங்க!" சடைக்காரி பெரிய துப்பாக்கியோடு தள்ளாடிக் குறிபார்த்தாள்.

அந்தக் குழலில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியவர் அவரேதான். அது சுடாது என்பதில் ஐயமே இல்லை. ஆனாலும் அவர் போய் மனைவிக்கு முன்னால் நின்றுகொண்டார்.