நாலு மில்லி

லோஷினியின் தலையில் எண்ணெய் வைத்தது நான்தான். ஷாமளா காரை எடுக்கப் போயிருந்தாள். அந்த நேரத்தில் உள்ளங்கை நிறையத் தேங்காயெண்ணெய் ஊற்றி, பிள்ளையின் மண்டை முழுக்கத் தேய்த்து, படிய வாரி இரட்டைச் சடை போட்டுவிட்டேன். தலைக்கு ஊற்றி, எண்ணெய் வைக்காமல் கூட்டி வரச் சொல்லி ஆஸ்பத்திரித் தாளில் இருந்ததாம். எனக்கு வாசிக்க வராது. ஆனால் போன தடவை தலையில் ஒயர் ஒட்டின மலாய்ப் பெண் வாயாலேயே சொல்லியிருந்தாள், எண்ணெய் இருந்தால் ஒட்டாது என்று. அது எனக்கு ஞாபகம் இருந்தது. அதனால்தான் வைத்தேன்.

"என்னப்பா இது?" காரில் ஏறியதும் ஷாமளா மூக்கைச் சுளித்தாள். "ராத்திரி ஷாம்பூ போட்டு அலசி விட்டேனே."

"பரட்டைத் தலையோட பொம்பளப் பிள்ளைய ஊர் மத்தியில கூட்டிட்டுப் போறதா? பாக்கிறவன் என்ன சொல்லுவான்."

"தாத்தா, நான் பலகாரம் மாதிரி மணக்கிறேன்" என்றது பின்சீட்டில் இருந்து பிள்ளை.

ஷாமளா என் மகள். ஃபேக்டரியில் வேலை, காலை ஆறரைக்கு பஸ். மருமகன் குணாளன் சிங்கப்பூரில் தங்கி, ஞாயிறு மட்டும் யோங் பெங் வீட்டுக்கு வருவான். மிச்ச நேரமெல்லாம் ஏழு வயது லோஷினியும் நானும்தான். அவளுக்குக் காலையில் நாலு மில்லி, ராத்திரி நாலு மில்லி வலிப்பு மருந்து கொடுப்பது என் வேலை. கொடுத்ததும் காலண்டரில் ஒரு கோடு போடுவேன். எழுதத் தெரியாதவனுக்குக் கோடு போதும்.

நான் கொடுத்தது இரண்டு மில்லி. நாலு மாதமாக.

மருந்தை நான் நம்பியதில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸருக்குத் தண்ணீர் சுமந்தவன் நான். ஒரே பெரிய போத்தல். காய்ச்சலுக்கும் அதுதான், வயிற்றுப்போக்குக்கும் அதுதான். குறையக் குறைய நான் சுமந்த தண்ணீரை அவர் அதில் ஊற்றுவார். அதைக் குடித்துப் பிழைத்தவனும் உண்டு, செத்தவனும் உண்டு. ஆனால் இந்த சிரப் தண்ணீர் இல்லை. இதைக் குடித்த பிள்ளை சோற்றுத் தட்டிலேயே தலையைச் சாய்த்தது. பள்ளிக்கூடத்தில் தூங்கியது. என்னைப் பொக்கை வாய் முதலை என்று கூப்பிடும் பிள்ளை, கூப்பிடுவதை விட்டது. பாதியாகக் குறைத்தேன். ஒரு வாரத்தில் மறுபடியும் முதலை ஆனேன். மிச்ச போத்தல்கள் ஸ்டோரில் உர மூட்டைக்குப் பின்னால் இருக்கின்றன.

நடுநடுவே அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படியே நின்றுபோவாள். வெறித்துப் பார்ப்பாள். பிள்ளை எதையோ யோசிக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

ஒயர் ஒட்டும் பெண் சடையை அவிழ்த்ததும் "அலமாக்!" என்றாள், ஐயோ என்கிற மாதிரி. இன்றைக்கு நடக்காது, வேறு தேதி கொடுக்கிறேன் என்பாள் என்று காத்திருந்தேன். அவள் பஞ்சையும் மணல் போன்ற ஒரு களிம்பையும் எடுத்து, வகிடு வகிடாகப் பிரித்து எண்ணெயைத் துடைக்க ஆரம்பித்தாள். அரை மணி நேரம். ஒரு முகச்சுளிப்பு இல்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒயர் ஒட்டி முடிந்ததும் திரையில் கோடுகள் ஓடின, காற்றில்லாத குளத்துத் தண்ணீர் மாதிரி. பிள்ளையின் கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து விடாமல் ஊதச் சொன்னாள் அந்தப் பெண். லோஷினி ஊதினாள். காற்றாடி விர்ரென்று சுற்றியது. கொஞ்ச நேரத்தில் மெதுவானது, நின்றது. பிள்ளையின் உதடு மட்டும் ஊதுகிற மாதிரியே குவிந்திருந்தது. திரையில் எல்லாக் கோடும் ஒரே சமயத்தில் எழும்பிக் குதித்தன. ரம்பத்துப் பல். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவான ரம்பத்துப் பல்.

அந்தப் பெண் பிள்ளையின் காதருகே குனிந்து "குச்சிங்" என்றாள். பூனை. பதினொரு விநாடி. கோடுகள் அடங்கின. காற்றாடி மறுபடி சுற்றியது.

"இப்ப அக்கா என்ன சொன்னேன்?" என்று மலாயில் கேட்டாள்.

லோஷினி சிரித்தாள். "அக்கா ஒண்ணும் சொல்லலையே."

வீட்டில் எத்தனை தடவை நான் கூப்பிட்டு அவள் திரும்பாமல் இருந்திருக்கிறாள். திமிர் என்று ஒரு நாள் முதுகில் ஒன்று வைத்தேன்.

டாக்டர் பிரேமளா சிலோன்காரப் பொம்பளை. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிமார் குரல், கொஞ்சம் மரியாதை கூடியது. தாளைப் புரட்டினார்.

"அடங்கேல்லை. இந்த மருந்து இவவுக்குப் போதாது போல. ரெண்டாவது மருந்து ஒண்டு சேர்க்க வேணும். தோலில தடிப்பு வந்தால் உடனே கொண்டு வாங்க, அது பொல்லாதது." என்னைப் பார்த்தார். "ஐயா, ஒழுங்கா நாலு மில்லி குடுக்கிறீங்கள்தானே?"

"அப்பா ஒரு நாள் விட்டதில்ல டாக்டர்." ஷாமளா கைப்பேசியை நீட்டினாள். காலண்டரைப் படம் எடுத்து வைத்திருந்தாள். காலைக்கு ஒரு கோடு, ராத்திரிக்கு ஒரு கோடு. நூற்றுக்கணக்கில் என் கோடுகள்.

டாக்டர் பேனாவை எடுத்தார்.

"ரெண்டு" என்றேன்.

"என்னப்பா?"

"ரெண்டு மில்லிதான் குடுத்தேன். தைப்பூசத்துக்கு அப்புறம் முழுசா குடுக்கல. எண்ணெயும் வேணும்னுதான் வச்சேன்."

லோஷினி நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, வெட்கமும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தேன்.

டாக்டர் பேனாவை மூடினார். "புது மருந்து இப்ப வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டி நாலுக்குக் கொண்டு வாங்க, எப்பிடியெண்டு எழுதித் தாறன். பிறகு இந்த டெஸ்டைத் திருப்பி எடுப்பம். தூங்கி விழுந்தால் எனக்குச் சொல்லுங்கோ ஐயா. நீங்களாக் குறைக்கப்படாது."

திரும்பும் வழியில் ஆயர் ஹீத்தாம் ஊர்ப் பலகை தாண்டியதும் ஷாமளா ஒன்று சொன்னாள்.

"வேற ஆள் இருந்தா உங்ககிட்ட விட மாட்டேன்பா."

"தெரியும்."

வீட்டுக்கு வந்து ஊசியில்லாத மருந்துக் குழாயை எடுத்தாள். கல்யாணங்களுக்குப் போட்டுக்கொள்ளும் சிவப்பு நகச்சாயத்தால் அதில் கோடு இழுத்தாள். வாரம் ஒரு கோடு மேலே ஏறியது. இன்றைக்கு நாலில் நிற்கிறது.

காலை ஏழு மணிக்கு பஸ்ஸில் இருந்து வீடியோவில் கூப்பிட்டாள். கைப்பேசியை மைலோ டின்மேல் சாய்த்து வைத்தேன். குழாயைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னும் கொஞ்சம்."

இழுத்தேன்.

"ம்."

லோஷினி வாயைத் திறந்தாள். விழுங்கினாள். "கசப்புலா" என்றாள். பள்ளி உடுப்போடு மேசையில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் செருகி வைத்த ஆஸ்பத்திரிக் காற்றாடியைப் பார்த்தாள். வெளியே லாரி போன காற்றில் அது இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது. அவள் பார்வை அங்கேயே இருந்தது. இமை அசையவில்லை. காற்றாடியைப் பார்க்கிறாளா, இல்லையா, எனக்குத் தெரியவில்லை.

"பூனை" என்றேன்.

கைப்பேசியில் ஷாமளாவின் முகம் பஸ்ஸோடு சேர்ந்து குலுங்கியது. அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.