தங்கையன் பாதம்

சித்திரை மாத உச்சி வெயிலில் ஸ்ரீரங்கம் கோயில் பிராகாரத்துக் கருங்கல்லில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் பக்தி எவ்வளவு தூரம் தாங்கும் என்று. பெரிய பெரிய ஆசாரக்காரர்களே நிழல் தேடித் தாவித் தாவி ஓடுவார்கள். தங்கையன் மட்டும் ஆற அமர நடப்பார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கொல்லுப்பட்டறை வேலை பார்த்து ரிட்டயரானவர்.

"பார்த்தேளா, பெருமாளே இவரைத் தாங்கிண்டு போறார்" என்று ஒரு பட்டர் நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டார். தங்கையனின் மனைவி சந்திரம்மாளுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள்.

அந்தப் பெருமை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் கோயிலிலிருந்து வந்தவர் நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வாசலிலிருந்து நாற்காலி வரை சிமெண்டுத் தரையில் ஈரமாய்ச் சிவப்புத் தடம்.

"என்னங்க இது, கால்ல?"

"எது?" என்றார் தங்கையன், பேப்பரை இறக்காமலே.

உள்ளங்கால் வெந்து, கொப்புளம் உடைந்து, தோல் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு எதுவுமே தெரியவில்லை. சர்க்கரை வியாதி என்று முன்பே சொல்லியிருந்த டாக்டர், இப்போது ஒரு குண்டூசியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நரம்பில் உணர்ச்சி போய்விட்டது, இன்னொரு புண் வந்து புரையோடினால் காலை எடுக்கும்படி ஆகிவிடும் என்றார். பெருமாள் தாங்கிய லட்சணம் இதுதான். பெருமையடித்த வாயை அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது சந்திரம்மாளுக்கு.

புண் ஆறிய சமயத்தில்தான் பாலக்கரை அற்புதசாமியைப் பற்றி யாரோ சொன்னார்கள். பர்மாவிலிருந்து அறுபத்துநாலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்தவர். ரங்கூனில் ஒரு சீன வைத்தியரிடம் கூடமாட இருந்து கற்றுக்கொண்ட வித்தை. மயிரிழை போன்ற ஊசிகளைக் கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் குத்தி, அவற்றில் ஒயர் மாட்டி, பேட்டரிப் பெட்டியிலிருந்து இம்மியளவு கரண்டு விடுவார்.

"கண்டிப்பா குணமாகும்னு நான் சொல்ல மாட்டேம்மா. சிலருக்குக் கொஞ்சம் உணர்ச்சி திரும்பியிருக்கு. டாக்டர் மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க" என்றார் அற்புதசாமி.

வாராவாரம் பஸ் பிடித்துக் காவிரிப் பாலம் தாண்டிப் போனார்கள். பெட்டியைத் திருகிவிட்டு அற்புதசாமி கேட்பார்: "தெரியுதா?"

தங்கையன் மனைவியைப் பார்ப்பார். "லேசாத் தெரியுது" என்பார். அடுத்த வாரம், "எறும்பு ஊறுற மாதிரி இருக்கு." அதற்கடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். திரும்பி வரும்போது சந்திரம்மாளுக்குப் பஸ் கண்டக்டரிடம்கூடச் சிரித்துப் பேசத் தோன்றும்.

ஒரு நாள் ஊசிகளைப் பொருத்தி ஒயரை மாட்டியதும் வாசலில் யாரோ கூப்பிட, அற்புதசாமி எழுந்து போனார். சந்திரம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "தெரியுதாங்க?" என்றாள்.

"தெரியுது சந்திரா. இன்னைக்கு முழங்கால் வரைக்கும் சுர்ருனு ஏறுது."

"இருங்கய்யா, நான் இன்னும் சுவிட்சே போடல" என்றபடி உள்ளே வந்தார் அற்புதசாமி.

தங்கையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டியைத் திருகிய அற்புதசாமி அன்று கேள்வியே கேட்கவில்லை.

பஸ் பாலத்தில் ஏறியபோது சந்திரம்மாள் கேட்டாள். "ஆரம்பத்திலேருந்தே பொய்தானா?"

"அங்க வந்து உக்காந்தா நீ ஊசியவா பாக்கிற? என் மூஞ்சியத்தானே பாத்துக்கிட்டு இருக்க. அப்படிப் பாக்கிற உன் மூஞ்சியப் பாத்து எப்படி இல்லேங்கிறது?"

கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. இந்த மனுஷனை எப்படித் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே இல்லேன்னா இல்லேன்னே சொல்லுங்க. நான் தாங்கிக்குவேன்" என்றாள்.

அன்றிலிருந்து அவர் நேர்மையாகச் சொன்னார். "தெரியல." போன வாரமும் தெரியல, இந்த வாரமும் தெரியல. போதும், விட்டுவிடலாம் என்று அவரே சொல்லியும் அவள் விடவில்லை. ஊசியும் நிற்கவில்லை, பஸ்ஸும் நிற்கவில்லை.

அடுத்த சித்திரையில், வெயில் ஏறும் முன் வந்துவிடலாம் என்று இருவரும் கோயிலுக்குப் போனார்கள். கூட்டத்தில் மாட்டி, சேவித்துவிட்டு வெளியே வருவதற்குள் உச்சிப்பொழுது. செருப்பு கோபுரவாசலில் கிடந்தது. "மண்டபத்தை விட்டு இறங்கிடாதீங்க, துண்டை நனைச்சுக்கிட்டு வந்து கால்ல சுத்திவிடுறேன்" என்று சொல்லிக் குழாயடிக்கு ஓடினாள்.

அவள் திரும்புவதற்குள் பின்னாலிருந்து நெருக்கிய கூட்டம் அவரைக் கல்லில் இறக்கிவிட்டது.

"ஆத்தாடி!"

பழைய பட்டர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருமாள் தாங்கிக்கொண்டு போன பக்தர் ஒற்றைக்காலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "சுடுது சந்திரா! சுடுது!"

சொட்டச் சொட்டத் துண்டோடு ஓடி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் முகத்தையே பார்த்தாள். "எனக்காகச் சொல்லலியே?"

"இல்ல புள்ள, நெசமாவே சுடுது. இடது கால்ல." தூக்கிய காலை இறக்காமல், அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வலது கால்ல ஒண்ணும் தெரியல. அதையும் சொல்லிடுறேன்" என்றார்.

சந்திரம்மாள் அழுதுகொண்டே குனிந்து, கல்லில் ஊன்றியிருந்த அந்த வலது காலுக்குத்தான் முதலில் ஈரத்துண்டைச் சுற்றினாள்.