அறுநூறு மூட்டை மூச்சு

என் வீட்டுக்காரருக்கு எதிலும் உடும்புப் பிடி. அந்தப் பிடிதான் அவரை எமன் வாசல்வரை கொண்டுபோனது.

எங்கள் இருவருக்கும் உருளைக்கிழங்குக் குளிர்கிடங்கில் வேலை. அவர் பொறுப்பாளர், நான் மூட்டை தைப்பவள். புதிதாகத் தோண்டிய கிழங்கு அறுநூறு மூட்டை வந்து இறங்கியது. குளிர் வெளியே கசிகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். காற்றுப் போகும் துவாரங்களில் சாக்கைத் திணித்தார், கதவிடுக்கெல்லாம் டேப் ஒட்டினார். இனி எறும்புகூட நுழையாது என்று பெருமை வேறு.

ஆனால் உள்ளேயுள்ள சூட்டைக் காட்ட வெளியே மாட்டியிருந்த வெப்பமானி இறங்கவில்லை, நாளுக்கு நாள் ஏறியது. அவர் அதைத் தட்டித் தட்டிப் பார்த்து, கருவி கெட்டுவிட்டது என்றார். தன் முதுகு தனக்குத் தெரியுமா?

ஐந்தாம் நாள் காலை டேப்பைக் கிழித்து உள்ளே போனார். "என்னங்க" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற மனிதர். எட்டிப் பார்த்தேன். மூன்றாம் வரிசையருகே குப்புறக் கிடந்தார்.

இரண்டடி வைத்ததுமே எனக்கு நெஞ்சை அடைத்தது, தலை சுற்றியது. வெளியே ஓடி வந்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன். அவர் கால்களைப் பிடித்து இழுத்தேன். அவ்வளவு பயந்ததே இல்லை. வாசலுக்கு வந்ததும் அவர் ஒரு மூச்சு இழுத்தார். என் வாழ்நாளில் அதைவிட நல்ல சத்தம் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கினார். மண்ணை விட்டு எடுத்தாலும் கிழங்குக்கு உயிர் போவதில்லையாம். தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்த்து, தீயும் புகையும் இல்லாமல் மெல்ல எரித்துத்தான் உயிரைப் பிடித்து வைத்திருக்குமாம். அதில் கரியமில வாயுவும் சூடும் வெளியே வரும். வெப்பமானி காட்டியது அந்தச் சூட்டைத்தான். அடைத்த அறையில் கிழங்குகள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்திருந்தன.

"உங்க வீட்டுக்காரர் உடம்பும் இப்ப அதையேதான் பண்ணிட்டிருக்கு. அந்தச் சூடுதான் உயிரோட சூடு" என்றார்.

எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் தோலுரித்துக் குழம்பில் போட்டிருக்கிறேன், ஜடம் என்றுதான் நினைத்திருந்தேன். இருட்டில் அறுநூறு மூட்டை, வாயும் மூக்கும் இல்லாமல், சத்தமே இல்லாமல் மூச்சு விட்டுக்கொண்டு! போர்வைக்குள் கைவிட்டு அவர் பாதத்தைத் தொட்டேன். கதகதப்பாக இருந்தது. அங்கேயே கையை வைத்திருந்தேன்.

மாலையில் கண் விழித்தார். முகத்தில் மாட்டியிருந்த ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மெதுவாகச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"கிடங்குக் கதவைத் திறந்து வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"துவாரத்துல இருக்கற சாக்கையும் எடுத்துடச் சொல்லு. பாவம், அதுங்களுக்கும் மூச்சு முட்டியிருக்கும்."