கழுதையில் தொடங்கும் நான்கு சொற்கள்

தம்பியின் போன் வந்தபோது அவள் யாரோ ஒரு மாப்பிள்ளையின் கறுப்பு கோட்டில் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் துளையின் விளிம்பைச் சுற்றி நூலை நெருக்கி நெருக்கி முடிச்சிடும் வேலை அது. கண்ணையும் பொறுமையையும் சேர்த்தே தின்றுவிடும். அதற்கென்று மிஷின் இருக்கிறது. அந்த மிஷினுக்காக அவள் சேர்த்துவைத்திருந்த பணத்தைத்தான் சில வருடங்களுக்கு முன் அவள் கணவன் வாங்கிக்கொண்டுபோய், கண்ணால் பார்க்க முடியாத, கையால் தொட முடியாத, பல்லால் கடித்துப் பார்க்கக்கூட வழியில்லாத, கிரிப்டோ என்கிற ஒரு காசாக மாற்றிவைத்தான். அன்றிலிருந்து அவள் மனதுக்குள் அவனுக்கு மேதை என்று பெயர்.

“அக்கா, மாமா இப்பத்தான் போறாரு,” என்றான் தம்பி. “வந்ததும் வராததுமா ரூட்டர் முன்னாடி உக்காந்துட்டாரு. விழுந்து கும்பிடாததுதான் பாக்கி.”

“என்ன, ரிப்பேரா?”

“ரிப்பேரும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. வைஃபை பாஸ்வேர்டு என்னன்னு கேட்டாரு. அவரே வெச்சதுதானே, நாலு இங்கிலீஷ் வார்த்தை. சொன்னேன். கட்டிப்பிடிச்சு கன்னத்துல முத்தம் குடுத்துட்டாருக்கா. நான் போய் மூஞ்சியக் கழுவிட்டு வந்தேன்.”

மேதையின் தொழில் வீடு வீடாக இன்டர்நெட் இணைப்பு கொடுப்பது. கம்பம் ஏறுவான், சுவரில் துளை போடுவான், பெட்டியை மாட்டுவான், பாஸ்வேர்டும் அவனே வைத்துத் தருவான். “வயசானவங்க பேரு, நாய்க்குட்டி பேரு, ஒண்ணு ரெண்டு மூணு நாலு... ஜனங்க அறிவு அவ்வளவுதான்” என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அமர்ந்து ஊரையே இளக்காரம் செய்வான். போன வாரம் ஒரு மொட்டைமாடியில் வயர் இழுக்கும்போது இந்த அறிவாளியின் போன் சட்டைப்பையிலிருந்து நழுவித் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. அவன் முகம் அன்றிலிருந்து துவைக்கப் போட்ட துணி மாதிரி இருந்தது. போனுக்காக இவ்வளவு துக்கமா என்று அவள் வியந்தாள்.

துக்கம் போனுக்கு இல்லை என்று தம்பிதான் இப்போது விளக்கினான். காசு இருந்த பர்ஸ் அந்தப் போனுக்குள் இருந்தது. போன் போனாலும் குற்றமில்லை. பன்னிரண்டு சொற்களை வரிசை பிசகாமல் சொன்னால் வேறெந்தப் போனிலும் அதே பர்ஸ் திறக்கும். சொற்களும் போனால், போயே போச்சு. காலில் விழலாம் என்றால் மேனேஜர் கிடையாது. சண்டை போடலாம் என்றால் கவுன்ட்டர் கிடையாது.

“பேப்பர்ல எழுதி வெக்கறவன் முட்டாளாம்க்கா. அதனால நாலு நாலாப் பிரிச்சு, மூணு வீட்டுல வைஃபை பாஸ்வேர்டா வெச்சுட்டாராம். அவங்க அண்ணன் வீட்டுல ஒண்ணு, என் வீட்டுல ஒண்ணு.”

அண்ணன் வீடா? சொத்துத் தகராறில் அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்ட மனிதன்.

“அங்க காலையிலயே போய் ரெண்டு காப்பி குடிச்சிட்டாராம். இன்னும் வேணுமான்னு கேட்டிருந்தா அதையும் குடிச்சிருப்பேன்னாரு. உங்க அக்காகிட்ட மூச்சு விடாதேன்னு என் கையில சத்தியம் வாங்கினாரு.” சத்தியம் செய்த கையால்தான் அவன் போனைப் பிடித்திருக்க வேண்டும். “ஏன் மாமா எங்களைப் போய் நம்பினீங்கன்னு கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? ஒண்ணும் புரியாதவன் எதையும் மாத்த மாட்டான்டா, அவன் கையில இருக்கறது லாக்கர்ல இருக்கற மாதிரின்னாரு. திட்டறாரா பாராட்டறாரான்னே புரியலக்கா.”

“மூணாவது வீடு எது?”

மறுமுனையில் தம்பி பதிலுக்கு இருமினான்.

அவள் நிமிர்ந்து கடைச் சுவரைப் பார்த்தாள். மேலே பச்சை விளக்கு மினுக்கும் பெட்டி. இரண்டு மிஷின் போட்டால் மூன்றாவது ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும் என்கிற இந்தக் கடையில், அவள் கேட்காமலேயே அவன் மாட்டிக் கொடுத்தது. அப்போது எவ்வளவு உருகியிருந்தாள்! பணத்தை விழுங்கிய குற்ற உணர்ச்சியில் மனிதன் ஏதோ செய்கிறானே என்று. அது பரிசு இல்லை. முட்டாள்கள் பட்டியலில் அவளுக்கு மூன்றாவது இடம். அதுவும் அண்ணனுக்கும் தம்பிக்கும் பின்னால்.

மேதை வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்தான். காரியம் ஆக வேண்டியவனின் சிரிப்பு. அளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்களிடம் அவள் அதைப் பார்த்திருக்கிறாள்.

“என்னம்மா, வேலை ஜாஸ்தியா? நெட்டு ஸ்லோவா இருக்குன்னு நெனைக்கறேன். பாஸ்வேர்டு சொல்லு, பாக்கறேன்.”

“அதுவா? மாத்திட்டேனே.”

“மாத்திட்டியா?”

“போன வருஷமே. பக்கத்துக் கடைக்காரன் ஓசியிலயே படம் பாத்துக்கிட்டிருந்தான். தம்பியைக் கேட்டேன், போன்லயே சொல்லிக் குடுத்தான்.”

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். மேலே மினுக்கும் பச்சை விளக்கை அண்ணாந்து பார்த்தான்.

“பழசு... ஞாபகம் இருக்கா?”

“எதுக்கு?”

“சும்மா. முதல்ல ஒரு கழுதை வரும்னு நெனைக்கறேன்.”

“வந்தாச்சே,” என்றாள்.

அவன் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. ஞாபகமா? சட்டை தைக்க வந்தவர்களுக்கும், அளவு கொடுக்க வந்து அரைமணி நேரம் போனை நோண்டியவர்களுக்கும் அவள் வருடக்கணக்கில் தொண்டை கிழிய ஒப்பித்த சொற்கள். அட்டையில் எழுதிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவும் விட்டிருந்தாள். உலகமே பார்க்கும்படி தொங்கிய ரகசியம்! தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் நாலும் வரிசையாக வரும். அதைச் சொல்லாமல் காஜாவின் கடைசி முடிச்சை இழுத்துப் பல்லால் நூலைக் கடித்தாள்.

“தம்பி எல்லாம் சொல்லிட்டான்.”

“பொறம்போக்கு.”

“அவனைத் திட்டாதீங்க. அவன் ஒண்ணும் புரியாதவன். என்னை மாதிரி.”

அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். கணினியில் எவனோ, முன்பணம் கட்டினால் பர்ஸை மீட்டுத் தருகிறேன் என்று ஆசை காட்டியதையும், கட்டப்போய்க் கடைசி நொடியில் நிறுத்தியதையும் தானாகவே சொன்னான். கேட்காமல் வந்த உண்மை என்பதால் அவளுக்கு அது கொஞ்சம் வலித்தது. “அதுல இருக்கறது உன் மிஷினும்மா,” என்றான். “இப்ப வித்தா மிஷின் மட்டுமில்ல, பெரிய கடையே பாக்கலாம். எல்லாம் உனக்காகத்தான்.”

“எனக்காகன்னு எனக்கே தெரியாம வெச்சிருந்தீங்க.”

“சொன்னா நீ யார்கிட்டயாவது...” என்று ஆரம்பித்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணி மட்டும் இருந்த இடத்தைப் பார்த்தான்.

நாலு சொற்களையும் தப்புத் தப்பாகச் சொல்லி அனுப்பினால் என்ன? கழுதைக்குப் பதில் குரங்கு. ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். அந்த நினைப்பை அவள் ஆசையாகச் சப்பிக்கொண்டிருந்தபோதுதான், அவன் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லாதது கண்ணில் பட்டது. தையற்காரி புருஷன் சட்டையில் பொத்தான் இல்லை. போன வாரத் தண்ணீர்த் தொட்டியில் போனோடு போயிருக்கும். இவளும் பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

எழுந்து இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் துணித் துண்டு ஒன்றை மேசையில் விரித்து, மெழுகுச் சாக்பீஸை எடுத்தாள். துணியில் அளவு குறிக்கும் சாக்பீஸ். சூடு பட்டால் இருந்த இடம் தெரியாது.

“பேப்பர்ல எழுதக் கூடாது. போட்டோ புடிக்கக் கூடாது. பாத்து மனப்பாடம் பண்ணுங்க.”

டாங்கி. சைலன்ட். ஆனியன். ஆங்கில எழுத்தில், அளவுப் புத்தகத்தில் எழுதுவதுபோலக் கொட்டை கொட்டையாக எழுதினாள். அவன் ஸ்டூலோடு நகர்ந்து வந்தான். உதடுகள் அசைந்தன, பரீட்சைக்கு முன் வகுப்பு வாசலில் நிற்கும் பையனுடையவை மாதிரி.

“நாலாவது?”

“அது என்கிட்ட இருக்கட்டும். ஒண்ணும் புரியாதவ கையில இருக்கறது லாக்கர்ல இருக்கற மாதிரிதானே?”

“ஏம்மா...”

“பர்ஸைத் தொறக்கறப்ப கூப்பிடுங்க, வரேன். சட்டையைக் கழட்டுங்க.”

“எதுக்கு?”

“கழட்டுங்கன்னா.”

அவன் கழற்றிக் கொடுத்துவிட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கண்ணைத் துணியிலிருந்து எடுக்காமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவள் டப்பாவைக் கவிழ்த்து, அந்தச் சட்டைக்குப் பொருந்துகிற பொத்தானைத் தேடினாள். இஸ்திரிப் பெட்டி சூடேறி, அதன் சிவப்பு விளக்கு அணைந்தது. ஊசியை உதட்டில் கடித்தபடி ஒரு கையால் பெட்டியை எடுத்துத் துணியின் மேல் வைத்தாள். முதலில் கழுதை போனது.