நான்காவது வரி

கிரீஷ் மனைவிக்காகக் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தான். மாளவிகா சாம்பார் சாதப் பாத்திரத்தோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

மகள் ரக்ஷா விபத்தில் இறந்து இன்றோடு மூன்று மாதம். கார் ஓட்டியவன் கிரீஷ். “சிக்னல் மஞ்சள்லதான் இருந்துச்சு” என்று போலீஸிடமும் அவளிடமும் சொன்னான். அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை, மெசேஜ்தான். நேற்று அவள் அனுப்பியது: ‘புதன்கிழமை சென்னை. ஒன் வே. ஏர்போர்ட்டுக்கு ஊபர் போட்டாச்சு.’

ரக்ஷாவுக்காகத் தானம் கொடுக்கப் போகும் புத்த விகாரை, மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், வீட்டிலிருந்து பத்து நிமிடம். பக்கத்து ஊரான பிளெய்ன்ஸ்பரோவில் ஓர் அபார்ட்மென்ட் ஹாலில் தொடங்கி, மூடிக்கிடந்த கட்டடம் ஒன்றை வாங்கி இங்கே வந்தது. பள்ளிக்குச் சேவைக் கணக்காக வாலன்டியர் ஹவர்ஸ் வேண்டுமென்று போன ரக்ஷா, ஹவர்ஸ் முடிந்தபிறகும் சனிக்கிழமைதோறும் போய், புத்தருக்குப் பூவும் தண்ணீரும் மாற்றி வைத்தாள்.

வாசலில் மீனாக்ஷி ஆன்ட்டி நின்றிருந்தார். பல வருடங்களாக அங்கே சேவை செய்பவர்.

“செருப்பை அந்த ஷெல்ஃப்ல வைம்மா. இது முன்னாடி நாய் டாக்டர் கிளினிக். அந்த ஷெல்ஃபெல்லாம் அப்போ பூனைக் கூண்டு. உன் பொண்ணுதான் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினா. ‘ஆன்ட்டி, இட் ஸ்டில் ஸ்மெல்ஸ் லைக் கேட்’னு என் உயிரை எடுப்பா.”

“வீட்ல ஒரு தட்டு கழுவினதில்ல, ஆன்ட்டி” என்றாள் மாளவிகா.

பிக்குகளுக்கு உணவைத் தானம் கொடுக்கும் முன் ஐந்து சீலங்களை, ஒழுக்க உறுதிமொழிகளை, சொல்ல வேண்டும். பிக்கு ஒவ்வொரு வரியாகப் பாலியில் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். கையில் இருந்த தாளில் அர்த்தமும் இருந்தது. ரக்ஷா டைப் செய்த தாள். நான்காவது வரி, பொய் சொல்ல மாட்டேன் என்பது. கிரீஷின் வாய் அங்கே நின்றுவிட்டது. மாளவிகா அதைக் கவனித்தாள்.

பிக்குகள் நண்பகலுக்குள் சாப்பிட்டு முடித்தார்கள். ஆன்ட்டி ஒரு கூஜாவும், தட்டில் வைத்த சின்னக் கிண்ணமும் கொண்டுவந்தார்.

“ரெண்டு பேரும் சேர்ந்து பிடிச்சு ஊத்துங்க. கிண்ணம் நிரம்பி வழியணும். இன்னிக்குச் செஞ்ச புண்ணியம் குழந்தைக்குப் போகும்.”

“நான் மட்டும் ஊத்தறேனே, ஆன்ட்டி.”

“ஊத்தலாம். ஆனா அவ உங்க ரெண்டு பேருக்கும் பொண்ணும்மா.”

மாளவிகா கைப்பிடியைப் பிடித்தாள். கிரீஷ், அவள் விரல் படாமல், அடியில் தாங்கினான். பிக்கு ஓத ஓத, கிண்ணம் நிரம்பித் தட்டில் வழிந்தது. கூஜா காலியானது. கிரீஷ் அதை நிமிர்த்தவில்லை.

“சிவப்பு, மாலு. பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன்.”

ஓதல் முடிந்திருந்தது.

“தெரியும்” என்றாள். “உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்.” கூஜாவை அவன் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

கிண்ணத்திலும் தட்டிலும் இருந்த தண்ணீரை எடுத்துப்போய் வெளியே ஒரு மேப்பிள் மரத்தடியில் அவளே ஊற்றினாள். அழவில்லை.

திரும்பும்போதும் பின்சீட்டில்தான் உட்கார்ந்தாள். தூரத்தில் சிக்னல் மஞ்சளானதுமே கிரீஷ் பிரேக்கை மிதித்தான். பின்னாலிருந்த வண்டி ஹாரன் அடித்தது.

“புதன்கிழமை ஊபரை கேன்சல் பண்ணிடறேன்” என்றாள் மாளவிகா, ஜன்னலைப் பார்த்தபடி. “ஏர்போர்ட்ல நீங்களே கொண்டுவந்து விடுங்க.”

சிக்னல் பச்சையான பிறகும் அவனால் காரை எடுக்க முடியவில்லை.