சுரண்டாமல் போட்ட ரோடு

அந்தக் குடியிருப்பில் வீட்டுக்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளராக இருப்பதென்றால், ஊர் வசவையெல்லாம் சம்பளமில்லாமல் வாங்கிக்கொள்வது என்று அர்த்தம். கண்ணாடிக்கடை அக்கா அதை மூன்றாவது வருடமாக வாங்கிக்கொண்டிருந்தாள். பகலில் மூக்குக்கண்ணாடி விற்பாள். சாயங்காலமானால் எரியாத தெருவிளக்கு, வராத குப்பை வண்டி, யார் வீட்டு நாய் யார் வாசலை நாறடித்தது என்கிற வழக்கு. ஆனாலும் ஒருவரும் அவளைப் பார்த்து ஓரவஞ்சனை செய்தாள் என்று விரல் நீட்டியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

இந்த வருடம் ரோடு. தெரு சங்கத்துக்குச் சொந்தமானது என்பதால் வெளியிலிருந்து யாரும் வந்து போட்டுத் தரமாட்டார்கள். குண்டும் குழியுமாகிக் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் ஸ்கூட்டரோடு ஒரு தடவை மண்ணைக் கவ்விய பிறகு, இனி பொறுக்க முடியாது என்று முடிவானது. ரோடு கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும், ஆனால் கைக்காசு போகக்கூடாது. எல்லோருக்கும் இருந்த ஆசை இவ்வளவுதான்.

ரோடு போடும் காண்டிராக்டர் வந்து, அக்காவோடு தெருவை மேலிருந்து கீழ்வரை நடந்து பார்த்தார். சரிவின் அடியில் இருந்த கடைசி வீட்டு வாசலில் நின்று, தரையையும் நிலைப்படியையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால் செலவு ஒன்றரை மடங்கு ஆகும். சுரண்டாமல் அதன்மேலேயே போட்டால் மலிவு, ஆனால் ரோடு உயர்ந்து இந்த வீடு பள்ளத்தில் போய்விடும், நல்ல மழை பெய்தால் தண்ணீர் நேரே உள்ளே வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது அக்காவின் தங்கை வீடு. தங்கை கீழ்த்தளம் முழுக்கத் தையல் மெஷின்களைப் போட்டு, விடுதிகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுத்துப் பிழைத்தாள். புருஷன் போன பிறகு அவளை நிமிர்த்தி நிறுத்தியதே அந்த மெஷின்கள்தான்.

கூட்டம் மருந்துக்கடைக்காரர் வீட்டு மாடியில் நடந்தது. அக்கா இரண்டு விலையையும் சொன்னாள். சுரண்டிப் போடுவதுதான் நல்லது என்று ஆரம்பித்து, காண்டிராக்டர் சொன்ன காரணத்துக்கு வருவதற்குள் மருந்துக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே குறுக்கே விழுந்தார்.

"தங்கச்சி வீட்டு வாசல் அழகா இருக்கணும்னு நாங்க எல்லாரும் பங்கு போடணுமாக்கும்?"

விளையாட்டாகத்தான் சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. முகம் சிவந்து, சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டாள். கையைத் தூக்குங்கள், எண்ணிப் பார்த்துவிடலாம் என்றாள்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம். செயலாளர் கை தூக்குவதில்லை. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் அவர் கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தீர்ப்பு. பாழாய்ப்போன கணக்கு அன்றைக்குப் பார்த்துச் சமமாக வந்து நின்றது. தங்கையின் கை சுரண்டுகிற பக்கம் இருந்தது. எல்லோரும் அக்காவையே பார்த்தார்கள்.

அக்கா சுரண்ட வேண்டாம் என்கிற பக்கம் கையைத் தூக்கினாள். தூக்கும்போது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதுதான் கொடுமை. தங்கை ஒன்றும் பேசவில்லை. தன் கையை இறக்கிக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல வீட்டுக்குப் போனாள்.

கோபம் என்று அக்கா நினைத்தாள். குற்றமுள்ள நெஞ்சு ஆயிற்றே, அதன்பிறகு தெருவின் கடைசிக்குப் போவதையே தவிர்த்தாள். ரோடு போட்டு முடிந்தது; வீட்டுக்கு வீடு பங்கு வசூலாகி, காண்டிராக்டருக்குப் பாக்கியில்லாமல் போய்ச் சேர்ந்தது. மலிவாக முடித்துவிட்டாள் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். மழைக்கு முன்னால் தன் செலவில் ஒரு கொத்தனாரைப் பிடித்துத் தங்கை வீட்டு நிலைப்படியை உயர்த்திக் கொடுத்துவிட வேண்டும் என்று அவள் மனதுக்குள் திட்டம் வைத்திருந்தாள். கொத்தனார் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தான். அவளும் விரட்டவில்லை.

மழை அவன் வரும்வரை காத்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் கொட்டித் தீர்த்தது. தெருத் தண்ணீர் முழுவதும் புது ரோட்டில் வழுக்கிக்கொண்டு ஓடிக் கடைசி வீட்டுக்குள் இறங்கியது. அக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்தபோது, அங்கே முழங்கால் தண்ணீர். மெஷின் மோட்டார்கள் எல்லாம் மூழ்கியிருந்தன. விடுதிக்குப் போக வேண்டிய துணி ஊறிக் கிடந்தது. மருந்துக்கடைக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்.

அவர்தான் முதலில் பேசினார். "எங்களுக்கு எப்படித் தெரியும் சொல்லுங்க? நீங்களே வேண்டாம்னு கை தூக்கவும், சரி, கூடப்பொறந்தவளுக்கே ஆபத்தில்லன்னா யாருக்கும் ஆபத்தில்லன்னு நெனச்சுட்டோம்."

தங்கை துணியைப் பிழிந்துகொண்டே, ஆமாம் என்று தலையாட்டினாள். "நானும் அதத்தான்க்கா நெனச்சேன். தண்ணி வருமோன்னு பயந்துதான் நான் கை தூக்கினேன். நீ அந்தப் பக்கம் தூக்கினதும் மனசு ஆறிப்போச்சு. நீ விசாரிக்காமலா இருப்பே?"

அப்படியே விட்டிருந்தால் விட்டிருக்கலாம். யாரும் அவளைக் கேட்கப்போவதில்லை. ஆனால் அக்கா தண்ணீரைத் தள்ளிக்கொண்டு தங்கையின் அருகில் போய் நின்றாள்.

"எனக்குத் தெரியும்டி," என்றாள். "காண்டிராக்டர் இந்த எடத்துல நின்னுதான் சொன்னாரு. ஒனக்குப் பரிஞ்சு பேசுறேன்னு சொல்லிடுவாங்களேன்னு வாயை மூடிக்கிட்டேன்."

மருந்துக்கடைக்காரர் இறைப்பதை நிறுத்தினார். தங்கை கையிலிருந்த துணியை மெஷின்மேல் போட்டாள். அவள் கத்தவில்லை, கத்தியிருந்தால் அக்கா பிழைத்திருப்பாள்.

"கூட்டத்துல சொல்ல வேணாம்க்கா. ரோட்ட ஒசத்தியே போட்டிருக்கட்டும். எங்கிட்ட மட்டும் வந்து சொல்லியிருக்கலாமே. மெஷின மாடிக்கு ஏத்தியிருப்பேனே."

ஒரு பைசா செலவில்லாத காரியம். தெருவில் நாலு வீடு தாண்டி வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேர் கெடாது, பங்கு கூடாது, யாரும் சிரிக்கவும் மாட்டார்கள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அது தனக்குத் தோன்றவில்லை என்பது, தண்ணீரில் நின்றுகொண்டிருந்த அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.